ஏழாம் எண்ணை அழுத்தவும்

அவளுடைய முகம் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் குரலைக் கேட்காதவர் ஒருவரும் இல்லை. பேருந்தில் "அடுத்த நிறுத்தம்" என்று சொல்கிறவள் அவள்தான். லிஃப்டில் "கதவுகள் மூடுகின்றன" என்பதும், வங்கியில் வரிசை எண்ணைக் கூப்பிடுவதும், கார் நிறுத்துமிடத்தில் "சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சாத குறையாகச் சொல்வதும் அவளேதான். இப்படிப்பட்ட அறிவிப்புகளைப் பதிவு செய்து தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். அடுக்குமாடிக் குடியிருப்பில் அவள் சொந்தப் பெயர் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. "அடுத்த நிறுத்தம் வீட்டுல தண்ணி வருதா?" என்றுதான் மாடிப்படியில் விசாரிப்பார்கள். அவளும் "வருது, வருது" என்று பதில் சொல்லிவிட்டுப் போவாள்.

அவள் வேலை பார்ப்பது துணி அலமாரியைவிடச் சற்றே பெரிய ஓர் அறையில். சுவரெல்லாம் பஞ்சு. சரசரக்கும் துணி உடுத்தக் கூடாது, வளையல் போடக் கூடாது. பசித்த வயிற்றோடு போனால் வயிறு போடும் சத்தம் மைக்கில் விழுந்துவிடும் என்று ஒலிவாங்கி முன்னால் நிற்பதற்கு முன் இரண்டு பிஸ்கட் சாப்பிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டுக்கார இளைஞன் உட்கார்ந்திருப்பான். காகிதத்தில் இருப்பதை அப்படியே படிப்பாள். ஒரு சொல் கூட்ட மாட்டாள், ஒரு சொல் குறைக்க மாட்டாள். தொண்டைதான் பிழைப்பு என்பதால் வீட்டிலும் அவள் கத்தியதில்லை. பால் பொங்கி வழிந்தால்கூட, "பால் பொங்குகிறது" என்று மரியாதையாகத் தெரிவிப்பாள். கணவன் தலையில் அடித்துக்கொள்வான். குடியிருப்பின் தரைத்தளத்திலேயே அவனுக்கு ஓர் இஸ்திரிக் கடை. பகல் முழுக்க ஆவியும் சூடும். "நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாதிப் பால் தரையில" என்பான்.

இத்தனை பேருக்குக் கேட்கும் குரல் ஒரே ஒருத்திக்கு மட்டும் கேட்கவில்லை. அது அவள் பெற்ற பெண்ணுக்கு.

மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் சுண்டெலி. ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே ஓர் இடத்தில் நின்றதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். "பிடிவாதக்காரி, அப்பனை உரிச்சு வெச்சிருக்கா" என்று சொந்தக்காரர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மூன்று வயதில்தான் காது டாக்டர் அந்தத் தீர்ப்பைக் கிழித்துப் போட்டார். இரண்டு காதிலும் பாதிக்கு மேல் கேட்கவில்லை. மெல்லிய ஒலிகள் சுத்தமாகக் கிடையாது. தன் பெயரையே அவள் "உண்டெலி" என்றுதான் சொல்வாள். முதல் எழுத்தின் ஒலி அவள் காதுக்குள் நுழைந்ததே இல்லை. பேச்சை உதட்டைப் பார்த்துத்தான் பிடிப்பாள். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசினால் பிஞ்சுக் கையால் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிவிடுவாள். அப்பா அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையில் ஓங்கி மிதிப்பான். கீழ்வீட்டுக்காரர் நல்லவர். ஒன்றும் சொல்வதில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குள் காது மெஷின் போட்டுவிட வேண்டும், ஒவ்வொரு மாதமும் போகப் போக அவளுக்கு வர வேண்டிய சொற்கள் போகின்றன என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டு காதுக்குமான விலையைக் கேட்ட அன்று கணவன் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அவள் மட்டும் கவலைப்படவில்லை. "நமக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே" என்றாள். பதினோரு வருடமாகச் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்களே, அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று அந்தப் புண்ணியவதி நம்பினாள்.

முதல் கடிதம் வந்தது. கருவி என்பது சிகிச்சை ஆகாது, ஆகவே நிராகரிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். இந்தக் குழந்தைக்குக் கருவியே சிகிச்சை என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி அனுப்பினாள். அதைப் படிக்க அவர்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று. பிறகு இரண்டாவது கடிதம். காதுப் பரிசோதனை நடந்து தொண்ணூறு நாள் கடந்துவிட்டதாம், ஆகவே செல்லாதாம். நான்கு மாதம் உட்கார்ந்து அடை காத்தது யார்? அவள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அவள் மறுபடியும் பரிசோதனை செய்து அனுப்பினாள். மூன்றாவது கடிதம்தான் உச்சம். பாலிசியில் சேரும்போதே குழந்தைக்குக் குறை இருந்ததாம். சுண்டெலியை அவள் பாலிசியில் சேர்த்தது பிறந்த அன்று மாலை, ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே. அதற்கான ரசீதையும் தேடி எடுத்து அனுப்பினாள்.

கடிதத்துக்கு ஒரு தரம் என்று இன்சூரன்ஸ் ஆபீசுக்குத் தொலைபேசி போட்டாள் என்றால் பரவாயில்லை. வாரத்துக்கு மூன்று தரம் போட்டாள். அங்கேதான் கொடுமையிலும் ஒரு வேடிக்கை. எதிர்முனையில் எடுப்பது யார்? அவளே. "வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து சற்றே பொறுத்திருங்கள்." ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் பதிவு செய்து கொடுத்தது. அப்போது சுண்டெலி வயிற்றில் ஆறு மாதம். "இன்னும் கொஞ்சம் அன்பா சொல்லுங்கக்கா, பொறக்கப்போற குழந்தைகிட்ட பேசுற மாதிரி" என்று சவுண்டுக்காரன் கேட்டுக்கொண்டான். அவளும் வயிற்றில் கை வைத்து, சிரித்த முகத்தோடு, அந்தக் குழந்தையிடமே சொல்வது போலச் சொன்னாள். இப்போது அதே அன்பு நாற்பது நிமிடம், ஐம்பது நிமிடம் என்று அவளைக் காக்க வைத்தது. மற்றவர்களாவது அந்தக் குரலைத் திட்டி ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். இவள் யாரைத் திட்டுவாள்?

இதற்கு நடுவில் டாக்டர் ஒரு நல்ல காரியம் செய்தார். பரீட்சார்த்தமாக ஒரு வாரம் போட்டுப் பார்க்க மருத்துவமனை மெஷின்களைக் கொடுத்தார். அந்த ஒரு வாரம் வீடு கல்யாண வீடாக இருந்தது. சுண்டெலி குழாயைத் திறந்து திறந்து மூடினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள், செருப்புச் சத்தம் கேட்பதற்காகவே. அப்பாவின் இஸ்திரிப் பெட்டி "உஸ்" என்று ஆவி விட்டதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்றாம் நாள் அம்மாவிடம் வந்து, "என் பேருக்கு முன்னாடி ஒரு சத்தம் இருக்கா?" என்று கேட்டாள். "இருக்குடா கண்ணு." "யாரும் சொல்லவே இல்ல" என்று கோபித்துக்கொண்டாள். அதன் பிறகு வீட்டுக்கு வந்தவர், போனவர் எல்லோரிடமும் "ஸ்ஸ்சுண்டெலி" என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டாள்.

எட்டாம் நாள் மெஷின்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. பேருந்தில் போகும்போது, கூரையிலிருந்து வந்த "அடுத்த நிறுத்தம்" குரலைக் கேட்டுவிட்டு அம்மாவின் மூடிய உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து வந்தாள். திரும்பி வரும்போது அதே பேருந்து, அதே குரல். பிள்ளை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் கேட்கிற தன் குரலை அன்றைக்குப் போல அம்மா என்றைக்கும் வெறுத்ததில்லை.

பள்ளிக்கூடம் திறக்க ஐந்து வாரம் இருந்தது. ஒரு நாள் மதியம் கணவனுக்கு ஒத்தாசையாக இஸ்திரிக் கடையில் நின்றாள். இருவரும் ஒரு பெரிய படுக்கை விரிப்பின் நான்கு முனைகளையும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டு இன்சூரன்ஸ் ஆபீசைக் கூப்பிட்டிருந்தாள். வழக்கமாக மெஷின் வாயைத் திறந்ததுமே மூன்றை அழுத்திவிடுவாள். கிளைம் விசாரிக்க மூன்று. இன்று இரண்டு கையிலும் விரிப்பு. ஆகவே அவளுடைய குரல் தங்கு தடையின்றி முழுப் பட்டியலையும் வாசித்தது. புதிய பாலிசிக்கு ஒன்று, தவணைக்கு இரண்டு, கிளைமுக்கு மூன்று, முகவரி மாற்ற நான்கு, மருத்துவமனைகளுக்கு ஐந்து, புகார்களுக்கு ஆறு. மீண்டும் கேட்கப் பூஜ்யம்.

விரிப்பின் முனையை அவள் அப்படியே விட்டுவிட்டாள்.

"ஏழு எங்க?" என்றாள்.

"என்ன ஏழு?" என்றான் கணவன், தரையில் விழுந்த விரிப்பைப் பார்த்தபடி.

"ஏழு ஒண்ணு உண்டு. நான் சொல்லியிருக்கேன். பதினோரு தரம் சொல்லியிருக்கேன்."

அவள் வாழ்நாளில் படித்த வாக்கியங்கள் எத்தனையோ ஆயிரம். படித்ததும் மறந்துவிடுவாள். ஆனால் இந்த ஒன்று மறக்காது. அன்றைக்குப் பக்கத்துத் தெருப் பட்டறையில் இரும்பில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் அந்த வாக்கியத்தை ஆரம்பித்தால் போதும், சொல்லி வைத்தது போல ட்ரில் ஆரம்பிக்கும். பத்து டேக் வீணாகி, பதினோராவதுதான் தேறியது. எங்கள் முடிவில் உங்களுக்கு உடன்பாடு இல்லையெனில், ஏழாம் எண்ணை அழுத்தவும். வயிற்றுப் பிள்ளையோடு நின்று நின்று கால் வீங்கியதுகூட ஞாபகம் இருந்தது.

"எடுத்துட்டாங்க போல" என்றான் கணவன்.

"சத்தத்த எடுத்திருப்பாங்க. நம்பரயும் எடுத்தாங்களான்னு பாக்கலாம்." அவள் ஏழாம் எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. இரண்டாவது மணியிலேயே யாரோ எடுத்தார்கள். ஒரு மனிதக் குரல், நடுவயசு ஆண், திடுக்கிட்டுப்போய், "ஹலோ?" என்றது.

பதினோரு வருடப் பழக்கம் எங்கே போகும்? மனிதரைக் கண்டதும் பதற்றத்தில் அவளுக்குத் தொழில் குரல்தான் வந்தது. "வணக்கம்" என்றாள், சுத்தமாக, சிரித்த முகத்தோடு.

"அட, நம்ம மெஷினே நமக்கு ஃபோன் போடுதே" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

மறுபடி போட்டாள். "வணக்கம். நான் மெஷின் இல்லை. தயவுசெய்து இணைப்பைத் துண்டிக்காதீர்கள்."

"இதையுமா ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்காங்க" என்று வியந்துகொண்டே அவர் மறுபடியும் வைத்தார்.

கணவன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. காது மடல் சிவந்துவிட்டது. மூன்றாம் தரம் அந்த மனிதர் "ஹலோ" என்றதுதான் தாமதம், பதினோரு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்த தொண்டையை அவள் திறந்தாள்.

"யோவ், வெச்சீன்னா நடக்குறது வேற. யாருய்யா மெஷின்? நானா மெஷின்? பத்து மாசம் சுமந்து பெத்தவய்யா நான். பொறந்த அன்னைக்கே பாலிசில சேர்த்தேன், அதுக்கு முன்னாடியே குறை இருந்துச்சாம். அதுக்கும் முன்னாடி எங்கய்யா சேர்க்கிறது, வயித்துக்குள்ள ஃபாரம் அனுப்பியா? நாலு மாசம் நீங்க தூங்கிட்டு எனக்கு தொண்ணூறு நாள் கணக்கு சொல்றீங்க. போன் போட்டா என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டி உக்கார வெக்கிறீங்க. வெக்கமா இல்ல?"

தெருவில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மாடியில் ஒரு சன்னல் திறந்தது. கணவன் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி பெருமையோடு பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். பெட்டி ஒரு வாடிக்கையாளரின் சட்டை மேல் நின்றது. புகை வந்த பிறகுதான் அவனுக்கு உணர்வு வந்தது. அந்தச் சட்டையில் முக்கோணமாகப் பழுப்புத் தடம் விழுந்துவிட்டது. இன்றைக்கும் அதைக் கடையில் மாட்டி வைத்திருக்கிறான்.

எதிர்முனையில் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு அந்த மனிதர் பணிவாகச் சொன்னார். "மன்னிச்சிருங்கம்மா. மெஷினுக்கு இப்படித் திட்டத் தெரியாது. சொல்லுங்க, இது மேல்முறையீட்டுப் பிரிவு."

"இப்படி ஒரு பிரிவு இருக்குன்னு ஏன் சார் யாருமே சொல்லல? மெனுவுல ஏழாம் நம்பரே வரலயே."

"மெனுவுல இருந்து அந்த வரிய எடுத்துட்டாங்களா? எனக்கே இப்பதாம்மா தெரியும். ஒன்றரை வருஷமா இந்த ஃபோன் அடிக்கவே இல்ல. ஜனங்க எல்லாம் திருப்தியா இருக்காங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

அந்த மனிதர்மேல் கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள், முடியவில்லை. ஒன்றரை வருடம் அடிக்காத ஃபோனுக்கு எதிரே ஒருவர் தினமும் தலைவாரிக்கொண்டு வந்து உட்காருகிறார் என்பதை நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் பாலிசி எண்ணைக் கேட்டு அவளுடைய ஃபைலைத் தேடி எடுத்தார். காகிதங்கள் புரளும் சத்தம் கேட்டது. "மூணு ஆட்சேபணை, மூணுக்கும் பதில் குடுத்திருக்கீங்க. மூணையும் மூணு பேர் பாத்திருக்காங்க. ஒருத்தர் கேட்டதுக்கு நீங்க அனுப்பின பதில அடுத்தவர் பாக்கவே இல்ல. சரி, நீங்க வாய்மொழியா ஒரு வாக்குமூலம் குடுக்கணும். ரெக்கார்டு ஆகும். எழுதி வெச்சுப் படிக்கக் கூடாது. பீப் சத்தம் கேட்டதும் பேசுங்க."

படிக்கக் கூடாது என்றதும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. காகிதம் இல்லாமல் அவள் மைக் முன்னால் பேசியதே இல்லை. பீப் சத்தம் கேட்டது. "வணக்கம். எங்கள்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். கடைக்கு உள்ளே சுண்டெலி துணி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். முதுகு இந்தப் பக்கம். இங்கே நடந்த இத்தனை ரகளையில் ஒரு சொல்கூட அவளுக்குத் தெரியாது. அந்த முதுகைப் பார்த்தபடி அம்மா பேசினாள்.

"சார், என் பொண்ணு இப்ப எனக்கு முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்கா. நான் அவள கூப்பிட்டா கேக்காது. அவ திரும்பிட்டா அவளுக்கு நான் காணாமப் போயிடறேன். தெரு தாண்டும்போது, விளையாடும்போது, குளிக்கும்போது, முகத்தப் பாத்தாத்தான் அம்மா. இல்லைன்னா அம்மா இல்ல. ஒரு வாரம் மட்டும் மெஷின் போட்டா. அந்த ஒரு வாரம் அவ பேரு அவளுக்கு முழுசாக் கெடச்சுது. இப்ப மறுபடி பாதிப் பேரோட இருக்கா. ஊருக்கெல்லாம் நான் வழி சொல்றேன். என் பிள்ளைக்கு முதுகுக்குப் பின்னாடி நின்னு 'பாத்துப் போ'ன்னு சொல்ல முடியல. எனக்கு அது வேணும் சார். வேற ஒண்ணும் இல்ல."

எவ்வளவு நேரம் பேசினாள் என்று அவளுக்குத் தெரியாது. கணவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆவிமேல் பழி போட்டான். அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பத்து நாள்ல சொல்றேம்மா" என்றார்.

எட்டாம் நாள் ஃபோன் வந்தது. அவர் நீட்டி முழக்கவில்லை. "ரெண்டு காதுக்கும் சாங்ஷன் ஆயிடுச்சும்மா" என்றார். அவள் "நன்றி" என்று சொல்ல வாயெடுத்தாள். குரல் வரவில்லை. முதல் தரமாகத் தொண்டை அவளைக் கைவிட்டது. கணவன்தான் ஃபோனை வாங்கி, கடைக்கு வந்தால் ஆயுசு முழுக்க இலவசமாக இஸ்திரி போட்டுத் தருவதாக அவருக்கு வாக்குக் கொடுத்தான். தெருவே சிரித்தது. அந்த வியாழக்கிழமை சுண்டெலி காதில் மெஷின் ஏறியது. சிவப்பு நிறம்தான் வேண்டும், அதுவும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று டாக்டரிடம் சண்டை போட்டு வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது.

அடுத்த மாதம் இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஒரு வேலை வந்தது. ஏழாம் எண் வாக்கியத்தை மெனுவில் திரும்பச் சேர்க்க வேண்டுமாம். பழைய பதிவு தொலைந்துவிட்டதாம். அந்த மனிதர் மேலிடத்துக்கு எழுதிப் போராடியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. ஆகவே சுண்டெலியையும் கூட்டிக்கொண்டு போனாள்.

முன்பெல்லாம் அங்கே வந்தால் சுண்டெலி கண்ணாடியில் மூக்கை ஒட்ட வைத்துக்கொண்டு அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். இன்று சவுண்டுக்காரனின் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள். அவன் கொடுத்த காகிதத்தில் படம் வரைய ஆரம்பித்தாள். கண்ணாடிக்கு முதுகு காட்டி, காலை ஆட்டிக்கொண்டு, அம்மா என்று ஒருத்தி உள்ளே இருப்பதையே மறந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு அவள் மைக் முன்னால் நின்றாள். சவுண்டுக்காரன் தன் பக்கத்து ஸ்பீக்கரைத் திறந்துவிட்டுக் கை காட்டினான்.

"எங்கள் முடிவில் உங்களுக்கு உடன்பாடு இல்லையெனில், ஏழாம் எண்ணை அழுத்தவும்."

"சரிம்மா, அழுத்துறேன்" என்றாள் சுண்டெலி. பென்சிலை நிறுத்தவும் இல்லை, தலையைத் தூக்கவும் இல்லை.

அந்தச் சத்தம் சவுண்டுக்காரனின் மைக்கில் விழுந்து, ஹெட்ஃபோன் வழியாக அம்மாவின் காதுக்கு வந்தது. அவள் அப்படியே சிரித்துவிட்டாள். சிரிப்பு மைக்கில் போய் விழுந்தது. "ஒன் மோர்க்கா" என்றான் சவுண்டுக்காரன். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி "சரிம்மா" என்று பதில் வந்தது. மறுபடி சிரிப்பு. நான்காவது தரம் சிரிப்போடு கண்ணீரும் சேர்ந்துகொண்டது. பக்கத்துத் தெருப் பட்டறை அன்றைக்கு மூடியிருந்தது. "இன்னிக்கு ட்ரில் சத்தம்கூட இல்லக்கா, உங்க வீட்டுச் சத்தம்தான்" என்று அவன் தலையைச் சொறிந்தான்.

பன்னிரண்டாவது டேக்தான் தேறியது. அதுவும் சுண்டெலி வாய் நிறைய பிஸ்கட் போட்டுக்கொண்டதால். அதற்கு முந்தைய பதினோரு தரமும் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பதினோரு தரமும் பதில் சொன்னாள்.